இக்சிக்கு மேலே இன்னொரு வரி: விந்தணுத் தெரிவு முறைகளில் எதற்குக் காசு கொடுப்பது?

யாழ்ப்பாணத்தில் இருந்து குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கொழும்பில் ஒரு கிளினிக்கிலும் சென்னையில் ஒரு கிளினிக்கிலும் செலவு மதிப்பீடு வாங்கி வைத்துக்கொண்டு யோசிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டு தாள்களிலும் மேல்பாதி ஏறத்தாழ ஒன்றுதான். ஊசி மருந்து, ஸ்கான், முட்டை எடுத்தல், இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது), கரு வைத்தல். குழப்பம் கீழ்ப்பாதியில்தான் தொடங்கும். பிக்சி, இம்சி, மாக்ஸ், மைக்ரோஃப்ளூயிடிக் சிப், டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனை என்று வரி வரியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. சிலவற்றின் பக்கத்தில் பேனையால் ஒரு சரி அடையாளம். அந்த அடையாளம் ஏன் விழுந்தது என்று கேட்டால் தாளைக் கொண்டுவந்தவருக்கே தெரியாது.

நான் விந்துப் பரிசோதனை செய்கிற ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறவன். றிப்போர்ட் எடுக்க வருகிறவர்கள் இந்தத் தாள்களையும் கூடவே கொண்டுவந்து காட்டுவார்கள். ஒருமுறை மருமகனோடு வந்த பெரியவர் ஒருவர் தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, "தம்பி, இதில எதை வெட்டினாலும் பிள்ளைக்குப் பழுது வராது எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டார். காணி விற்ற காசு அது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றார். வைத்தியர் சொல்ல வேண்டியதை நான் சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு முறையும் என்ன செய்கிறது, யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதைத் தெரிந்துகொண்டு வைத்தியரின் முன்னால் போய் இருப்பது அவர்களுடைய உரிமை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண் பக்கக் குறைபாடுள்ள பெரும்பாலான தம்பதிகளுக்கு, வழமையான முறையில் சுத்திகரித்த விந்தணுவும் ஒழுங்காகச் செய்த இக்சியும் போதும். மேலதிக வரிகளில் ஒன்றிரண்டு, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் யோசிக்கத் தக்கவை. எல்லோருக்கும் என்று எதுவும் இல்லை. அந்தக் காசும் அதைவிடப் பெறுமதியான நேரமும் முதலில் போக வேண்டிய இடங்கள் வேறு.

முதலாவது இடம், விந்துப் பரிசோதனையே. எங்கள் ஊரில் பிள்ளை தங்கவில்லை என்றால் பெண்தான் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவாள். ஸ்கான், ஹோர்மோன், குழாய்ப் பரிசோதனை எல்லாம் முடிந்து, நேர்த்தியும் வைத்து, இரண்டு மூன்று வருடம் கழிந்த பிறகுதான் கணவன் ஒரு சிறிய போத்தலோடு ஆய்வுகூடத்துக்கு வருவார். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரில் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. ஆகச் செலவு குறைந்த, வலி இல்லாத பரிசோதனை ஆணுக்குரியது. அது கடைசியில் வருவது பெண்ணுக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த றிப்போர்ட்டை வாசிப்பதிலும் நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கைநூலின் ஆறாவது பதிப்பு 2021 இல் வந்தது. அதன்படி கீழ் எல்லைகள் இவை: ஒரு மில்லிலீற்றரில் 16 மில்லியன் விந்தணு, முழு மாதிரியிலும் சேர்த்து 39 மில்லியன், முன்னோக்கி நீந்துகிறவை 30 சதவீதம், சரியான வடிவம் உள்ளவை 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துத்தான் அதிகம் பேர் உடைந்து போகிறார்கள். "நூறில் தொண்ணூற்றாறு பழுதோ?" என்று கேட்பார்கள். ஒரு வருடத்துக்குள் மனைவி கர்ப்பமான ஆண்களை எடுத்துப் பார்த்து, அவர்களில் ஆகக் கீழே இருந்த 5 சதவீதத்தினரைப் பிரிக்கிற கோடுதான் இந்த எல்லை. பிள்ளை பெற்ற ஆண்களிலேயே வடிவம் அப்படித்தான் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே இருந்தால் பிள்ளையே பிறக்காது என்றோ, மேலே இருந்தால் கட்டாயம் பிறக்கும் என்றோ பொருள் இல்லை.

ஒரு றிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். வெளியே வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள். அதனால் இன்று கொடுக்கும் மாதிரி, இரண்டு மூன்று மாதத்துக்கு முன் உடம்பு எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டும். மாரி மழையோடு டெங்கு வந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவரின் மாசி மாத றிப்போர்ட் படுமோசமாக இருக்கலாம், சித்திரைக்குப் பிறகு அதே மனிதரின் எண்ணிக்கை தானாக ஏறியிருக்கலாம். மாதிரி எடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். எடுத்ததில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பரிசோதனை தொடங்கிவிட வேண்டும். பருத்தித்துறையில் வீட்டில் எடுத்துவிட்டு, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரி வீதியில் இறங்கி நடந்து வந்தால் அந்த நேரம் தாண்டிவிடும். அப்படி வந்த மாதிரியில் அசைவு குறைந்திருந்தால் அது மாதிரியின் குறையா பஸ்ஸின் குறையா என்று யாராலும் சொல்ல முடியாது. கூச்சமாக இருந்தாலும் ஆய்வுகூடத்திலேயே எடுத்துக் கொடுப்பதுதான் நல்லது.

சரி, இனித் தெரிவு முறைகளுக்கு வருவோம்.

விந்தை அப்படியே எடுத்து முட்டையோடு சேர்ப்பதில்லை. அதில் இறந்த விந்தணு, வெள்ளணு, குப்பை எல்லாம் இருக்கும். எனவே எந்தச் சிகிச்சை என்றாலும் முதலில் சுத்திகரிப்பு ஒன்று நடக்கும். இதற்கு இரண்டு பழைய முறைகள் உண்டு. ஒன்று நீந்தி மேலேற விடுவது. குழாயின் அடியில் விந்து, அதன் மேல் ஊட்டத் திரவம். குழாயை 45 பாகையில் சரித்து, 37 பாகைச் சூட்டில் ஒரு மணித்தியாலம் போல வைத்தால் நல்ல வலுவோடு நீந்தக்கூடியவை தாங்களாகவே மேல் திரவத்துக்குள் வந்துவிடும். மற்றது அடர்த்திப் படுகை முறை. சிலிக்காத் துகள் கலந்த திரவத்தை 80 சதவீதச் செறிவில் அடியிலும் 40 சதவீதத்தில் அதன் மேலுமாக ஊற்றி, ஆக மேலே விந்தை விட்டு மையநீக்கியில் சுற்றுவார்கள். நெல்லைப் புடைக்கும்போது பதர் ஒதுங்கி மணி நிற்பது மாதிரி, முதிர்ந்து அடர்த்தியான தலையுள்ளவை அடியில் போய்ச் சேரும், மற்றவை மேலே தங்கிவிடும்.

சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரியை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது எனக்கு இன்றும் வியப்பான விசயம். முன்னே பார்த்தால் சந்தை முடிந்த திடல்: எங்கும் சிதறல், அசையாத வால்கள், உருண்டை உருண்டையாக வேறு கலங்கள், இடையிடையே நீந்துகிற சில. பின்னே பார்த்தால் துப்புரவான வெளி, எண்ணிக்கை குறைவு, ஆனால் கண்ணில் படுகிற ஒவ்வொன்றும் நேர்கோட்டில் விரைந்து போகும். இதற்குத் தாளில் தனி வரியே இருக்காது, இக்சிச் செலவுக்குள் அடங்கிவிடும். ஆனால் முழுச் சிகிச்சையிலும் நடக்கிற ஆகப் பெரிய தெரிவு இதுதான்.

இந்த இரண்டுக்குள் எது? எண்ணிக்கை நன்றாக இருந்தால் நீந்த விடுவது எளிது, விந்தணுவுக்கு அலைச்சலும் குறைவு. எண்ணிக்கை குறைவென்றால் அடர்த்திப் படுகை, ஏனென்றால் அதில் மிஞ்சி வருவது கூடுதல். இதை ஆய்வுகூடம் மாதிரியைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்யும். நீங்கள் மண்டையை உடைக்கத் தேவையில்லை.

அடுத்தது இக்சி. 1992 இல் பிரசெல்சில் இருந்து முதல் கர்ப்பங்கள் அறிவிக்கப்பட்ட முறை. சாதாரண ஐவிஎஃப்பில் (உடலுக்கு வெளியே கருக்கட்ட வைக்கும் முறை) ஒரு முட்டையைச் சுற்றிப் பல்லாயிரம் விந்தணுவை விட்டு, எது புகுகிறதோ புகட்டும் என்று விடுவார்கள். இக்சியில் கருவியல் நிபுணர் 200 முதல் 400 மடங்கு பெருப்பித்துப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்து, வாலை நசுக்கி அசைவை நிறுத்தி, மெல்லிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்துவார். ஆக, இக்சியே ஒரு தெரிவு முறைதான். பயின்ற கண் ஒன்று வடிவத்தையும் அசைவையும் பார்த்து எடுக்கிறது. எண்ணிக்கை மிகக் குறைந்தவர்கள், அசைவு மிகக் குறைந்தவர்கள், விதையில் (விரையில்) இருந்து நேரே எடுக்க வேண்டியவர்கள், முந்தின ஐவிஎஃப்பில் ஒரு முட்டைகூடக் கருக்கட்டாதவர்கள், இவர்களுக்கு இக்சி வந்ததுதான் வாழ்க்கையை மாற்றியது. எண்ணிக்கையும் அசைவும் சரியாக உள்ளவர்களுக்கு அப்படி இல்லை. வியட்நாமில் விந்து றிப்போர்ட் சரியாக இருந்த 1064 தம்பதிகளைப் பிரித்து இரண்டு முறையும் செய்து பார்த்து 2021 இல் முடிவு வெளியிட்டார்கள். உயிர்ப் பிறப்பு இக்சியில் 35 சதவீதம், ஐவிஎஃப்பில் 31 சதவீதம். புள்ளியியல்படி அது வித்தியாசம் என்று கொள்ளத் தக்கதல்ல. எனவே கணவனின் றிப்போர்ட் சரியாக இருந்தும் தாளில் இக்சி இருந்தால், ஏன் என்று கேட்கலாம். முட்டை மிகக் குறைவு போன்ற காரணம் ஏதும் வைத்தியரிடம் இருக்கக்கூடும்.

இனி அந்த மேலதிக வரிகள்.

பிக்சியின் யோசனை எனக்குப் பிடித்தமானது. முட்டையைச் சுற்றியுள்ள கலங்களுக்கு இடையே ஹயலுரோனன் என்ற பொருள் நிறைய உண்டு. முதிர்ந்த விந்தணுவின் தலை அதில் ஒட்டிக்கொள்ளும், முதிராதது ஒட்டாது. பிக்சித் தட்டில் அந்தப் பொருளைச் சிறு புள்ளிகளாக வைத்திருப்பார்கள். விந்தணுத் துளியை விட்டால் சில தலை ஒட்டி, வால் மட்டும் துடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். அப்படி நிற்பவற்றில் ஒன்றை எடுத்து இக்சி செய்வார்கள். மேலதிக முறைகளில் மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டதும் இதுதான். பிரித்தானியாவில் 16 நிலையங்களில் 2772 தம்பதிகள், முடிவு 2019 இல் வந்தது. 37 வாரம் நிறைந்த உயிர்ப் பிறப்பு பிக்சியில் 27.4 சதவீதம், சாதாரண இக்சியில் 25.2 சதவீதம். இது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். பிள்ளை கையில் கிடைக்கும் வாய்ப்பைப் பிக்சி கூட்டுகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கருச்சிதைவு 7 சதவீதத்தில் இருந்து 4.3 ஆகக் குறைந்திருந்தது. பிறகு அதே ஆய்வின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், வயது கூடிய பெண்களில்தான் பயன் தெரிகிறது என்று எழுதினார்கள். அந்த ஆய்வு தேடிப் போன முதன்மைக் கேள்வி கருச்சிதைவு அல்ல என்பதால் இதை உறுதியான முடிவாக எடுக்க முடியாது. இருந்தாலும் மனைவிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டி, முன்பு கரு தங்கி இரண்டு தடவை கலைந்திருந்தால், தாளில் உள்ள மேலதிக வரிகளில் நான் வெட்டத் தயங்கும் ஒரே வரி பிக்சி. முதல் தடவை போகிற இளம் தம்பதிக்கு அதை வெட்டலாம்.

இம்சி கேட்க மிகக் கவர்ச்சியானது. 6000 மடங்குக்கு மேல் பெருப்பித்து, விந்தணுவின் தலையில் குழிகள் உண்டா என்று பார்த்துத் தெரிந்தெடுப்பது. இஸ்ரேலில் 2000 களின் தொடக்கத்தில் வந்த முறை. கணினித் திரையில் பெரிதாகக் காட்டுவார்கள், பார்க்கிறவருக்கு நம்பிக்கை வரும். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், சாதாரண இக்சியைவிட இதனால் உயிர்ப் பிறப்பு கூடுகிறது என்று நம்பத் தக்க சான்று வரவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2020 இல் வந்த கொக்ரேன் மதிப்பாய்வும் சான்றின் தரம் மிகக் குறைவு என்றே முடித்தது. தேடுவதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரமெல்லாம் விந்தணு தட்டில் காத்திருக்கும். என்னைக் கேட்டால் வெட்ட வேண்டிய முதல் வரி இதுதான்.

மாக்ஸ் என்பது காந்த முறை. சாகத் தொடங்கிய விந்தணுவின் வெளிச் சுவரில் பொஸ்பற்றிடைல்செரீன் என்ற கொழுப்பு வெளியே தெரியும். அனெக்சின் என்ற புரதம் பூசிய நுண்காந்தங்கள் அதைப் பிடித்துக்கொள்ள, மற்றவை காந்தப் புலத்தைத் தாண்டி வந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சான்று மெலிந்தது. வழியில் நல்லவையும் கொஞ்சம் இழக்கப்படும். எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்தவருக்கு அது பெரிய இழப்பு.

மைக்ரோஃப்ளூயிடிக் சிப் அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படுவது. மையநீக்கியில் சுற்றாமல், நுண்ணிய வழிகளுக்குள்ளாக விந்தணுவைத் தானாக நீந்தி வர விடுகிறது. இப்படி வந்தவற்றில் டிஎன்ஏ சிதைவு, அதாவது மரபுப் பொருளின் இழை அறுந்திருப்பது, குறைவாக இருப்பது ஆய்வுகூட அளவீடுகளில் தெளிவாகத் தெரிகிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தம்பதிக்கு வேண்டியது பிள்ளை. அந்தப் படி இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அசைவுள்ள விந்தணு ஓரளவாவது இல்லாவிட்டால் சிப்பால் பயனில்லை, ஆக மோசமான றிப்போர்ட் உள்ளவருக்கு இது பொருந்தவும் செய்யாது. சிதைவு அதிகம் என்று பரிசோதனையில் கண்டு, காரணத்தைத் திருத்திய பிறகும் குறையாமல், இக்சி ஒரு தடவை தோற்றும் இருந்தால், இதைப் பற்றி வைத்தியரோடு பேசலாம். விலையும் சிறியதென்றால் செய்து பார்ப்பதில் தவறில்லை.

மனித இனப்பெருக்க மருத்துவத்துக்கான ஐரோப்பியச் சங்கம் 2023 இல் இத்தகைய மேலதிகங்கள் பற்றித் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. மேலே சொன்ன நான்கையும் வழமையாக எல்லோருக்கும் செய்ய அது பரிந்துரைக்கவில்லை. ஏன் இவ்வளவு நுட்பமான முறைகள் பிள்ளையாக மாறவில்லை? என் விளக்கம் எளிது. சுத்திகரிப்பும் நிபுணரின் கண்ணும் சேர்ந்து பெரும்பகுதி வேலையை ஏற்கெனவே முடித்துவிடுகின்றன. விந்தணுவின் டிஎன்ஏயில் மிஞ்சியிருக்கும் சிறு சிதைவைத் திருத்தும் ஆற்றல் முட்டைக்கு உண்டு. வயது ஏற ஏற அந்த ஆற்றல் குறையும். எனவே ஆண் பக்கக் குறைபாடு என்று பெயர் இருந்தாலும், முடிவைத் தீர்மானிப்பதில் முட்டையின் வயது கூடுதல் பாரம் பிடிக்கிறது.

இங்கேதான் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசுக் கணக்கைவிட இது முக்கியம். மனைவிக்கு இருபத்தேழு வயது, கணவனுக்கு எண்ணிக்கை குறைவு என்றால், இம்சியா பிக்சியா என்று யோசிப்பதற்கு முன் கணவனை ஒரு சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர் கையால் தொட்டுப் பரிசோதிக்கட்டும். விதைப்பையில் நாளங்கள் வீங்கியிருப்பதை வெரிகோசீல் என்பார்கள். ஆண்கள் எல்லோரிலும் நூறில் பதினைந்து பேருக்கு இருக்கும். குழந்தைப்பேற்றுக் குறையோடு வருகிறவர்களில் நூறில் முப்பத்தைந்து, நாற்பது பேருக்கு. கையில் தட்டுப்படுகிற வெரிகோசீலைச் சத்திரசிகிச்சையால் சரிப்படுத்தினால் பலருக்கு எண்ணிக்கை ஏறும், டிஎன்ஏ சிதைவும் இறங்கும். எந்தச் சிப்பும் தராத பலன் அது. அடுத்தடுத்த தடவைகளுக்கும் நிற்கும். சிலருக்கு ஐவிஎஃப்பே தேவைப்படாமல் போகும். மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க அந்தப் பெண்ணுக்கு வயது இருக்கிறது. அதே றிப்போர்ட், மனைவிக்கு முப்பத்தெட்டு என்றால் கதை வேறு. அங்கே ஆறு மாதம் என்பது கை நழுவும் முட்டைகள். நேரே இக்சிக்குப் போகலாம். மேலதிக வரிகளுக்கான காசை, மிஞ்சும் கருக்களை உறைய வைப்பதற்கும் இரண்டாம் தடவை கரு வைப்பதற்கும் ஒதுக்கி வைப்பதுதான் அவர்களுக்குப் பயன் தரும்.

காத்திருக்கும் மாதங்களில் செய்யக்கூடியவை புதியவை அல்ல. புகைத்தலை நிறுத்துவது, குடியைக் குறைப்பது, எடையைக் குறைப்பது. பேக்கரிப் போறணைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவர்கள், நீண்ட தூர லொறி ஓடுகிறவர்கள் வெப்பத்தை எப்படியாவது குறைக்கப் பார்க்க வேண்டும். ஜிம்மில் யாரோ சொல்லி டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடுகிற பொடியன்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: வெளியில் இருந்து அந்த ஹோர்மோன் வந்தால் மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி அடியோடு நின்றுபோகலாம். ஆண்மைக்கு என்று போடும் ஊசியே பிள்ளையைத் தடுக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் பல மாதம் ஆகும். மருந்துக் கடையில் விந்தணு கூடும் என்று விற்கிற மாத்திரைகளில் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2370 ஆண்களில் பாதிப் பேருக்கு போலிக் அமிலமும் துத்தநாகமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020 இல் வந்த முடிவு: உயிர்ப் பிறப்பும் கூடவில்லை, விந்தின் தரமும் ஏறவில்லை.

விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாதவர்களின் ஒப்பீடு முற்றிலும் வேறு. அந்த றிப்போர்ட்டைக் கையில் கொடுப்பது எங்கள் வேலையிலேயே ஆகக் கடினமான நிமிடம். அவர்களுக்குப் பிக்சியும் சிப்பும் கேள்வியே இல்லை. பாதை அடைபட்டிருக்கிறதா, அல்லது உற்பத்தியே இல்லையா என்பதுதான் கேள்வி. விதையின் அளவும், விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹோர்மோன் இரத்தத்தில் இருக்கும் அளவும் முதல் துப்பைக் கொடுக்கும். அடைப்பு என்றால் மெல்லிய ஊசியாலேயே விந்தணு எடுக்கலாம், அநேகமாக எல்லோரிலும் கிடைக்கும். உற்பத்திக் குறைபாடு என்றால் மைக்ரோ டெசே என்ற சத்திரசிகிச்சை. 1999 இல் நியூயோர்க்கில் இருந்து வெளிவந்த முறை. விதையைத் திறந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் சற்றுத் தடித்த குழாய்களைத் தேடி எடுத்து அதில் விந்தணு இருக்கிறதா என்று பார்ப்பது. ஏறத்தாழப் பாதிப் பேரில் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பல இடத்தில் குத்திப் பார்ப்பதைவிட இதுவே சிறந்தது, விதைக்குச் சேதமும் குறைவு. இங்கே காசைக் குறைக்கப் பார்க்காதீர்கள், அனுபவமுள்ள கை எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள்.

அதற்கு முன் நிறமூர்த்தப் பரிசோதனையும் வை நிறமூர்த்தத்தின் நுண் இழப்புப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும். வை நிறமூர்த்தத்தில் ஏ அல்லது பி என்ற பகுதி முழுவதுமே இழக்கப்பட்டிருந்தால் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை, கத்தி வைக்கவே தேவையில்லை. சி பகுதி இல்லாவிட்டால் கிடைக்கலாம், ஆனால் பிறக்கும் ஆண்பிள்ளைக்கும் அதே குறை போகும். சத்திரசிகிச்சையைத் தவிர்க்க உதவும் இந்தப் பரிசோதனை பல மதிப்பீட்டுத் தாள்களில் இல்லை, இம்சி இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

விந்தணு வெளியே வருகிறவர்களுக்கும் சில இடங்களில் விதையில் இருந்து எடுக்கச் சொல்கிறார்கள். அங்கே டிஎன்ஏ சிதைவு குறைவு என்பது காரணம். சிதைவு மிக அதிகமாக உறுதிப்பட்டு, இக்சி திரும்பத் திரும்பத் தோற்றவர்களுக்கு மட்டும் இது பேசத் தக்கது. முதல் தடவையிலேயே சொன்னால் இரண்டாவது வைத்தியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விந்தணுவைத் தெரிந்தெடுத்து ஆண்பிள்ளை தருவார்களா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. இந்த முறைகள் எதுவும் அதற்கானவை அல்ல. இந்தியாவில் கருத்தரிப்புக்கு முன்னும் பின்னும் பாலினத் தெரிவு சட்டப்படி குற்றம்.

கொழும்பா சென்னையா என்பதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. கொழும்புக்கு யாழ்தேவியிலோ இரவு பஸ்ஸிலோ போய்வரலாம். ஊசி போடும் பத்துப் பன்னிரண்டு நாளில் சில ஸ்கான்களை யாழ்ப்பாணத்திலேயே எடுத்து அனுப்பக் கிளினிக் சம்மதிக்கிறதா என்று கேட்டால் தங்கும் செலவு குறையும். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம் சொச்சம்தான், மொழியும் சுலபம். ஆனால் முழுச் சுற்றும் அங்கே தங்க வேண்டிவரும். இன்னொன்றையும் யோசியுங்கள். இந்தியாவின் 2021 ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி உங்கள் சொந்தக் கருவையோ விந்தணுவையோகூடத் அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள தேசியச் சபையின் அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுவர முடியாது. அங்கே உறைய வைத்த கருவுக்காகத் திரும்பவும் அங்கேதான் போக வேண்டியிருக்கும். இரண்டாம், மூன்றாம் பயணச் செலவையும் இப்போதே கூட்டிப் பாருங்கள்.

எந்த ஊர் என்றாலும் கேட்க வேண்டியவை ஒன்றுதான். என் மனைவியின் வயதில், இக்சி தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள்? கர்ப்பம் உறுதியான எண்ணிக்கையைச் சொன்னால் அது வேறு கணக்கு, திரும்பக் கேளுங்கள். இந்த மேலதிக முறை எங்கள் றிப்போர்ட்டில் உள்ள எந்தக் குறைக்காக? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

தாளில் இல்லாத ஒரு வரியை நீங்களே கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்: முட்டை எடுக்கும் நாளுக்கு முன்பே ஒரு மாதிரியை உறைய வைப்பது. அன்று காலை, மனைவி மயக்க மருந்தில் உள்ளே இருக்க, வெளியே கையில் போத்தலோடு நிற்கும் கணவனுக்கு மாதிரி எடுக்க முடியாமல் போவது அபூர்வமான விசயம் அல்ல. எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களில் சில நாள் விந்தணுவே தென்படாமலும் போகலாம். உறைந்த மாதிரி இருந்தால் அன்று எடுத்த முட்டைகள் வீணாகாது. அதற்கான செலவு அந்தத் தாளின் சிறிய தொகைகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.